பிரிட்டனின் ஃபைபர் கிட் கார்கள்: வரி வளர்த்த தொழிலா, வரி முடித்த தொழிலா?

செந்தூரன்:

பிரிட்டனின் சிறிய ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகளைப் பற்றித் தமிழில் பேச்சு வந்தால் பெரும்பாலும் லோட்டஸோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு பெரிய உலகம் இருந்தது. பிளாக்பூலில் டிவிஆர், உட்பிரிட்ஜில் தொடங்கி விட்டமுக்குப் போன ஜினெட்டா, பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவனில் மார்க்கோஸ், வேல்ஸில் கில்பெர்ன், லங்காஷயரில் ராச்டேல், கவுன்டி டர்ஹமில் கிளான். எல்லாமே ஃபைபர் கிளாஸ் பாடி போட்ட கார்கள். அநேகமாக எல்லாமே ஒரு காலத்தில் கிட்டாக விற்றவை. அதாவது பாடி, சேஸிஸ் என்ற அடிச்சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் வீட்டுக்கு வரும். பூட்டிக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு.

இந்தத் தொழில் பிறந்ததற்கும் முடிந்ததற்கும் வரிதான் காரணம் என்பது என் கருத்து. அன்றைக்கு பிரிட்டனில் புதுக் காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. அதைக் காரின் மொத்த விற்பனை விலையில் கணக்கிடுவார்கள். 1950களின் பிற்பாதியில் அது 60 சதவீதம் வரை போனது. 1962 இறுதியில் 25 சதவீதமாக இறங்கி, பிறகு படிப்படியாக மறுபடி ஏறியது. ஆனால் முழுதாகப் பூட்டிய காருக்குத்தான் அந்த வரி. பூட்டாமல் உதிரியாகக் கொடுத்தால் கிடையாது. பாடிக்கு பெயின்ட் அடித்து, சீட் தைத்து, வயரிங் போட்டு, எஞ்சினை மட்டும் தனியாக மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாலும் அது கிட் தான். வாங்கியவர் இரண்டு மூன்று வாரக் கடைசி நாட்களில் வேலையை முடித்து, நல்ல தொகையை மிச்சம் பிடிப்பார்.

1973 ஏப்ரல் 1 அன்று கொள்முதல் வரி போய் வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 10 சதவீதம், உதிரிக்கும் சேர்த்து. அடுத்த ஓர் ஆண்டுக்குள் கில்பெர்ன் இல்லை, கிளான் இல்லை, ஜினெட்டாவின் ஜி15 மாடல் நின்றது. லோட்டஸ் தன் செவன் காரின் உரிமையையே கேட்டர்ஹாம் என்ற விற்பனையாளரிடம் அந்த வருடம்தான் கொடுத்தது. இதைவிடத் தெளிவான காரண காரியம் இருக்கிறதா? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

வடசேரி பாலா:

அருமையான தலைப்பு அண்ணா. எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம். ஏன் எல்லோரும் ஃபைபருக்கே போனார்கள்? அலுமினியத் தகட்டைத் தட்டி பாடி செய்யும் கைவினைஞர்கள் அப்போது இங்கிலாந்தில் நிறைய இருந்தார்களே.

நாகை ஃபைபர்:

இதற்கு நான் பதில் சொல்லலாம். கார் செய்தது இல்லை. ஆனால் ஃபைபர் படகு வார்ப்பதுதான் என் பிழைப்பு. பொருள் ஒன்று, வேலை முறையும் ஒன்று.

அலுமினியத்தில் ஒரு பாடி தட்டினால் ஒரு பாடிதான் கிடைக்கும். அடுத்த காருக்கு அதே ஆள் அதே உழைப்பை முதலிலிருந்து போட வேண்டும். ஸ்டீல் தகட்டை பிரஸ்ஸில் அழுத்துவதென்றால் அச்சுக்கே பெரும் முதல் வேண்டும். பல்லாயிரம் கார் விற்றால்தான் அந்தப் பணம் திரும்பும். ஃபைபர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முதலில் மரத்திலும் பிளாஸ்டரிலும் காரின் முழு வடிவத்தைச் செய்துகொள்வார்கள். அதைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தேய்த்து, மெழுகு பூசி, அதன் மேலேயே ஃபைபரை வார்த்தால் மோல்டு கிடைத்துவிடும். பிறகு அந்த மோல்டுக்குள் பாடிகளை எடுக்கலாம். ஒரு மோல்டு ஒழுங்காகப் பராமரித்தால் நூற்றுக்கு மேல் தாங்கும். இதற்கு வேண்டியது ஒரு கொட்டகை, பிரஷ், ரோலர், பக்குவம் தெரிந்த நாலு கைகள். உலையும் வேண்டாம், பிரஸ்ஸும் வேண்டாம்.

பக்குவம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதலில் ஜெல்கோட் என்ற மேல் பூச்சு, அரை மில்லிமீட்டர் கனத்துக்கு. அது கையில் ஒட்டும் பதத்துக்கு வந்ததும் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு ரெசின் பிசினை ஊற வைத்து, ரோலர் போட்டுக் காற்றைத் துரத்த வேண்டும். ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் அன்றைய வெப்பத்துக்குத் தக்கபடி நூற்றுக்கு ஒன்று, இரண்டு. அதிகம் போட்டால் சூடேறி வெடிக்கும். குறைந்தால் இறுகாது; பிசுபிசுவென்று நிற்கும். இங்கிலாந்துக் குளிரில், சூடு போடாத கொட்டகையில் இதைச் செய்தார்கள் என்றால் எவ்வளவு சங்கடப்பட்டிருப்பார்கள் என்று எனக்குப் புரிகிறது. முழுதாக இறுகுமுன் மோல்டிலிருந்து எடுத்துவிட்டால் பாடி தன் வடிவத்தை மெல்ல இழக்கும். கதவு ஒரு பக்கம் பொருந்தும், மறுபக்கம் இடிக்கும். மேட்டின் நூல் தடம் பெயின்டுக்கு மேலேயே தெரியும். மலிவான கிட்களுக்கு வந்த கெட்ட பெயரில் பாதி இந்த அவசரத்தால்தான் வந்திருக்கும்.

இன்னொன்று. வளைவுதான் ஃபைபருக்கு பலம். தட்டையாக வார்த்தால் தொய்யும், அதிரும். வளைத்து வார்த்தால் அதே கனம் விறைப்பாக நிற்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களின் உருண்டு திரண்ட உடம்பைப் படத்தில் பார்க்கும்போது, பொருளைப் புரிந்துகொண்டு வரைந்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கயல்விழி:

நாகை சார், ரொம்ப நன்றி. இந்த அளவுக்கு யாரும் எனக்கு விளக்கியதில்லை.

செந்தூரன், உங்கள் வாதத்தில் முதல் பாதியோடு எனக்குப் பெரிய தகராறு இல்லை. ஆனால் வரி வேர் இல்லை, உரம்தான். வேர் அதற்கு முந்தையது.

போருக்குப் பின் பிரிட்டனில் புதுக் கார் கிடைப்பதே அபூர்வம். செய்வதில் பெரும்பகுதி டாலருக்காக ஏற்றுமதியானது. கையில் காசில்லாத இளைஞர்களுக்குக் கிடைத்தது பழைய ஆஸ்டின் செவனும், 1172 சிசி சைடு வால்வ் எஞ்சின் போட்ட ஃபோர்டும். இரண்டிலும் பாடி தனி, சேஸிஸ் தனி. துருப்பிடித்த பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு சேஸிஸை அப்படியே ஓட்டலாம். அதன் மேல் எதையாவது கட்டிக்கொள்வதற்கு ஸ்பெஷல் என்று பெயர். 750 மோட்டார் கிளப் 1939இலேயே தொடங்கிவிட்டது. 1953இல் ஃபோர்டு எஞ்சினுக்கென்று 1172 ஃபார்முலா என்ற பந்தயத்தையே ஏற்படுத்தினார்கள். பந்தயம் விட இடமும் இருந்தது. சில்வர்ஸ்டோன், ஸ்னெட்டர்டன், காஸில் கூம், த்ரக்ஸ்டன் எல்லாம் போர்க்கால விமானத் தளங்கள். ஓடுதளத்தைச் சுற்றி ஓடும் சாலையே டிராக் ஆனது. லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மனே ஆஸ்டின் செவனில் ஸ்பெஷல் கட்டித்தான் தொடங்கினார்.

இந்தக் கூட்டத்துக்கு பாடி மட்டும் விற்றவர்கள்தான் முதல் தலைமுறை ஃபைபர் கம்பெனிகள்: ராச்டேல் மோட்டார் பேனல்ஸ், ஆஷ்லி, ஃபால்கன். பாடி வாங்கி உங்கள் ஃபோர்டு சேஸிஸ் மேல் உட்கார வைக்க வேண்டியதுதான். பழைய சேஸிஸ், பழைய எஞ்சின் என்பதால் இங்கே பேச்சே வேறு. புதுக் காரின் வரிக்கு இதில் வேலையே இல்லை.

இன்னொரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைப் பதிவு செய்ய அன்றைய பிரிட்டன் வடிவ ஒப்புதல் எதையும் கேட்கவில்லை. விளக்கு, பிரேக், இன்சூரன்ஸ் சரியாக இருந்தால் சாலைக்கு வந்துவிடலாம். ஜெர்மனியில் பரிசோதனை அமைப்பின் கெடுபிடியைத் தாண்டி ஒரு கசாப்புக் கடைக்காரர் கார் கம்பெனி தொடங்கியிருக்க முடியாது. வேல்ஸில் முடிந்தது.

வடசேரி பாலா:

கசாப்புக் கடைக்காரரா? யார் அவர்?

கவென்ட்ரி அருள்:

கில்பெர்னைச் சொல்கிறார் தம்பி. ஜைல்ஸ் ஸ்மித் என்ற கசாப்புக் கடைக்காரரும் பெர்னார்ட் ஃப்ரீஸ் என்ற ஜெர்மானியரும் சேர்ந்து 1959இல் தொடங்கியது. ஃப்ரீஸுக்கு ஃபைபர் வேலை தெரியும். ஸ்மித்துக்குத் தனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். கடைக்குப் பின்னால் இருந்த இடத்தில் முதல் காரைக் கட்டினார்கள். பிறகு பான்டிபிரித் பக்கம் லான்ட்விட் ஃபார்ட்ரே என்ற ஊரில் ஒரு சிறிய தொழிற்சாலை. சதுரக் குழாய்களில் பற்ற வைத்த சேஸிஸ், ஃபைபர் பாடி, மூக்கில் வேல்ஸின் சிவப்பு டிராகன். மொத்தமாக ஆயிரம் கார் அளவுக்குச் செய்தார்கள்.

இங்கே கிளப் கண்காட்சிகளில் இன்றும் கில்பெர்ன்களைப் பார்க்கிறேன். நெருங்கிப் பார்த்தால் அந்த பாடியின் கனமும் ஓரங்களின் நேர்த்தியும் தெரியும். நாகை அண்ணன் சொன்ன அவசரம் இதில் கிடையாது. கிட்டாக வந்தபோதும் பாடி பெயின்ட் அடித்து உள் வேலை எல்லாம் முடிந்துதான் வந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், எக்ஸாஸ்ட், சக்கரம் மாட்டினால் போதும். நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், கார் தொழிலின் வாசனையே இல்லாத ஊரில், உள்ளூர் ஆட்களை வைத்து இதைச் செய்து காட்டினார்கள். எனக்கு இவர்கள் எல்லோரிலும் கில்பெர்ன் மீதுதான் மதிப்பு அதிகம்.

செந்தூரன்:

> வரி வேர் இல்லை, உரம்தான்

கயல்விழி, ஸ்பெஷல் கட்டியவர்களையும் கிட் விற்ற கார் கம்பெனிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாடி விற்ற முதல் தலைமுறைக்கு உங்கள் வாதம் பொருந்தும். ஆனால் கில்பெர்ன், மார்க்கோஸ், டிவிஆர், லோட்டஸ் எலான் எல்லாம் புது எஞ்சினோடு விற்ற புதுக் கார்கள். இவை ஏன் பிரித்து விற்கப்பட்டன? வாங்கியவர்களுக்கு ஸ்பானர் பிடிக்கும் ஆசை என்பதாலா? பெரும்பாலானவர்களுக்கு ஆசை காரில்தான், பூட்டுவதில் இல்லை.

வரித்துறைக்கும் இது தெரியும். அதனால்தான் நிபந்தனைகள் வைத்தார்கள்: காசு கொடுத்து மெக்கானிக்கை வைத்துப் பூட்டக் கூடாது, கம்பெனி பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது. லோட்டஸ் இதற்கு என்ன செய்தது என்ற கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். பிரித்தெடுக்கும் முறையை எழுதித் தரக் கூடாது என்று சட்டத்தில் இல்லையே! அதை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கியவர் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போய்ப் பூட்டினார். ஒரு தொழில் முழுவதும் ஒரு சட்ட இடைவெளியில் குடியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கவென்ட்ரி அருள்:

வரியைப் பற்றியே பேசி, கார்களை விட்டுவிட வேண்டாம். இவர்கள் செய்த பொறியியல் எந்தப் பெரிய கம்பெனிக்கும் குறைந்ததில்லை.

லோட்டஸ் எலீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் லண்டன் கண்காட்சியில் காட்டினார்கள். தனி சேஸிஸே கிடையாது. தரை, உடம்பு, கூரை மூன்றும் ஃபைபர் வார்ப்பு. ஒட்டி இணைத்து அதையே பாரம் தாங்க வைத்தார்கள். முன்பக்கத்திலும் கண்ணாடியைச் சுற்றியும் மட்டும் உள்ளே கொஞ்சம் ஸ்டீல். காற்றுத் தடைக் கெழு 0.29. இன்றைக்கும் பல கார்களுக்கு அவ்வளவு குறைவாக இல்லை. முதல் பாடிகளுக்குப் பிறகு பிரிஸ்டல் விமான நிறுவனத்தின் பிளாஸ்டிக் பிரிவில் வார்த்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் கார்கள். விற்ற ஒவ்வொன்றிலும் நஷ்டம். அதனால்தான் அடுத்து வந்த எலானில் முதுகெலும்பு மாதிரி ஒரு ஸ்டீல் சேஸிஸ் போட்டு, பாடியை அதன் மேல் வைத்துவிட்டார்கள்.

எலீட்டுக்குப் பிறகு அதே வழியில் போனது ராச்டேல் ஒலிம்பிக். பஞ்சாலை ஊரில் ஒரு சிறிய கம்பெனி, லோட்டஸுக்கு இருந்த விமானத் தொடர்பு எதுவும் இல்லாமல், 1960 வாக்கில் ஃபைபரிலேயே முழு மோனோகாக், அதாவது தனி சேஸிஸ் இல்லாமல் உடம்பே பாரம் தாங்கும் கார், செய்துவிட்டது. நானூறு அளவில்தான் செய்தார்கள். ஆனால் அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நாகை ஃபைபர்:

அருள், மார்க்கோஸ் மரத்தில் சேஸிஸ் செய்ததாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? நாங்கள் படகில் கடல் பிளைவுட்டை வைத்து மேலே ஃபைபர் போடுவது உண்டு. அதில் தண்ணீர் ஒரு இடத்தில் புகுந்தால் உள்ளே போய்த் தேங்கி அழுகிவிடும்.

கவென்ட்ரி அருள்:

உண்மைதான் அண்ணா, அதே கடல் பிளைவுட்தான். 1959இல் ஜெம் மார்ஷும் ஃபிராங்க் காஸ்டினும் சேர்ந்து தொடங்கினார்கள். காஸ்டின் டி ஹாவிலாண்ட் விமானக் கம்பெனியில் காற்றியக்கம் பார்த்தவர். போர்க்காலத்தில் மரத்தால் மாஸ்கிட்டோ விமானம் செய்த கம்பெனி அது. மரத்தை ஒழுங்காக ஒட்டினால் எடைக்கு எடை ஸ்டீலோடு போட்டி போடும் என்பது அவர் நம்பிக்கை. பின்னாளில் ஃபார்முலா ஒன் சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் தொடக்க காலத்தில் ஓட்டிய கார்களில் மார்க்கோஸும் ஒன்று.

காஸ்டின் விலகிய பிறகு டெனிஸ், பீட்டர் ஆடம்ஸ் சகோதரர்கள் வரைந்த 1964 மாடல்தான் எல்லோருக்கும் தெரிந்த மார்க்கோஸ். வால்வோ 1800 சிசி எஞ்சின், தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. சீட்டைச் சேஸிஸோடு சேர்த்துவிட்டார்கள், நகராது. அதற்குப் பதிலாகப் பெடல்கள் நகரும். 1969இல் ஸ்டீல் சேஸிஸுக்கு மாறினார்கள். மரத்தை அறுத்து ஒட்டுவதற்கு ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை. நீங்கள் சொன்ன அழுகல் பிரச்சினை பழைய கார்களில் நிறைய உண்டு. சக்கர வளைவுக்கு மேல் ஈரம் தேங்கும் இடத்தில்தான் முதலில் தொடங்கும்.

வடசேரி பாலா:

பிரான்ஸின் லெ மான்ஸ் பந்தயத்தில் ஒரு மார்க்கோஸ் ஓடியதாக எங்கோ படித்த நினைவு.

கயல்விழி:

அது மினி மார்க்கோஸ், 1966. மினியின் எஞ்சினும் சப்ஃபிரேமும், மேலே ஒரு ஃபைபர் கூடு. பிரெஞ்சு அணி ஒன்று கொண்டுவந்தது. ஃபோர்டும் ஃபெராரியும் மோதிக்கொண்ட அந்த வருடத்தில் 24 மணி நேரமும் ஓடி 15ஆவதாக வந்தது. பந்தயத்தை முடித்த ஒரே பிரிட்டிஷ் கார் அதுதான். வீட்டு வாசலில் வைத்துப் பூட்டக்கூடிய ஒரு கிட்டின் பந்தய வடிவம் அது!

சரி, செந்தூரனுக்கு வருகிறேன். வாட் வந்ததால் செத்தது என்றால், அதற்கு முன்பே செத்தவர்களை என்ன செய்வது?

முதல் சாவு 1960ஐ ஒட்டி நடந்தது. 1958இல் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட், 1959இல் மினி வந்தன. சிறு சம்பளக்காரருக்கும் எட்டக்கூடிய, ஓட்டுவதற்கு இனிப்பான, பூட்டியே கிடைக்கும் புதுக் கார்கள். 1960இல் எம்ஓடி என்ற சாலைத் தகுதிச் சோதனை வந்தது, பத்து வருடம் தாண்டிய வண்டிகளுக்கு. ஸ்பெஷல்களுக்கு அடியில் இருந்த சேஸிஸ் எல்லாம் 1930களைச் சேர்ந்தவை. கயிறு இழுத்துப் பிடிக்கும் பிரேக்கோடு எத்தனை தேறும்? வெறும் பாடி விற்றவர்கள் சில வருடங்களில் மறைந்தார்கள். வாட் என்ற பேச்சே அப்போது கிடையாது.

எலீட் 1963இல் நின்றது, அடக்க விலை காரணமாக. மார்க்கோஸ் 1971இல் மூழ்கியது. வெஸ்ட்பரியில் புது இடம், மான்டிஸ் என்ற புது மாடல், அமெரிக்க ஏற்றுமதியில் சிக்கல், எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தை நெரித்தன. வாட்டுக்கு இரண்டு வருடம் முன்பு!

செந்தூரன்:

1960 பற்றி நீங்கள் சொன்னது நல்ல வாதம். அதை ஏற்கிறேன், பாடி விற்றவர்களின் கதை வேறு என்று நான் முன்பே பிரித்துவிட்டேன்.

ஆனால் கிளானைப் பாருங்கள். பால் ஹவுசாவர், லோட்டஸில் வேலை பார்த்தவர், 1971இல் கவுன்டி டர்ஹமின் வாஷிங்டன் என்ற ஊரில் தொழிற்சாலை போட்டார். ஃபைபர் மோனோகாக், பின்னால் ஹில்மன் இம்ப் என்ற சிறிய காரின் 875 சிசி அலுமினிய எஞ்சின். ஓட்டியவர்கள் பாராட்டினார்கள், ராலிகளில் ஜெயித்தது. கார் மோசம் என்று யாராலும் சொல்ல முடியாது. முந்நூற்றுச் சொச்சம் செய்ததும் 1973இல் கதவை மூடினார்கள். ஜினெட்டா ஜி15க்கும் அதே இம்ப் எஞ்சின். வால்க்லெட் சகோதரர்கள் நால்வரும் குடும்பமாக நடத்திய கம்பெனி. எண்ணூறு அளவில் விற்ற, அவர்கள் சரித்திரத்திலேயே நன்றாக ஓடிய மாடல். அதுவும் அதே நேரத்தில் முடிகிறது. கில்பெர்னையும் சேர்த்தால் மூன்று ஊர், மூன்று முதலாளி, மூன்று விதமான கார், ஒரே முடிவு. பொதுவாக இருந்தது வாட்தான்.

கயல்விழி:

பொதுவாக இன்னும் இரண்டு இருந்தன. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. 1974 ஜனவரி முதல் மார்ச் வரை, மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தொழிற்சாலைகளுக்கு வாரம் மூன்று நாள் வேலை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் மனநிலையில் யாரும் இல்லை. முழு கார் செய்த பெரிய கம்பெனிகளே தள்ளாடின.

வாட்டின் கணக்கையும் நிதானமாகப் பாருங்கள். முழுக் காருக்கு வாட்டுக்கு மேல் தனியாக 10 சதவீதம் கார் வரியும் போட்டார்கள். ஆக கிட்டுக்கு இருந்த சலுகை சுருங்கியதே தவிர முற்றாக ஒழியவில்லை. என் பார்வையில் வாட் செய்தது ஒன்றைத்தான்: புது எஞ்சினோடு வரும் விலை உயர்ந்த கிட்டுக்கு அர்த்தம் இல்லாமல் ஆக்கியது. டிவிஆரும் லோட்டஸும் முழுதாகப் பூட்டிய காருக்கு மாறி, விலையை ஏற்றிப் பிழைத்துக்கொண்டன. அதற்கு முதல் வேண்டும், டீலர் வேண்டும், வாரண்டி கொடுக்கும் தெம்பு வேண்டும். கிளானிடமும் கில்பெர்னிடமும் அது இல்லை. அவர்களைக் கொன்றது முதல் பற்றாக்குறை என்றுதான் நான் சொல்வேன். வரி விலக்கு அந்தப் பற்றாக்குறையை அதுவரை மறைத்து வைத்திருந்தது.

அப்புறம், தொழில் சாகவும் இல்லை. அடுத்த பத்து வருடத்தில் முன்பைவிட அதிகம் கிட் விற்றது. வொர்திங்கில் டட்டன் என்ற கம்பெனி, துருப்பிடித்து எம்ஓடியில் தோற்ற ஃபோர்டு எஸ்கார்ட்களின் எஞ்சினையும் ஆக்ஸிலையும் கழற்றிப் போடுகிற மாதிரி மலிவான கிட் விற்று, உலகிலேயே பெரிய கிட் கார் கம்பெனி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. டட்டன் தன் கிட் ஒன்றுக்கு வைத்த சியரா என்ற பெயரை விடச் சொல்லி ஃபோர்டு வழக்குப் போட்டபோதும் ஃபோர்டால் ஜெயிக்க முடியவில்லை. அந்த எஸ்கார்ட்களுக்கு உடம்புதான் போயிருந்தது, எஞ்சின் நன்றாகவே ஓடியது. 1950களின் ஃபோர்டு ஸ்பெஷலுக்கும் இதற்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்? வரி வந்தது, போனது. மலிவான பழைய காரும் ஃபைபரும் கிளப்பும் இருந்தன. நான் வேர் என்று சொன்னது அதைத்தான்.

செந்தூரன்:

டட்டனை கில்பெர்னோடு ஒரே வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. முதல் காலத்தில் தங்களுக்கென்று ஒரு காரை யோசித்துச் செய்தார்கள். 80களில் வந்தவற்றில் பெரும்பகுதி பழைய கார்களின் நகல்கள், இல்லையென்றால் எஸ்கார்ட்டுக்கு மாட்டிய சட்டை. தொழில் இருந்தது, அதன் உள்ளே இருந்த சரக்கு போய்விட்டது. அந்த இழப்புக்கு 1973தான் கோடு.

கவென்ட்ரி அருள்:

நகல்கள் பற்றிச் சொன்னது சரி. ஆனால் மைடாஸ் என்ற காரை மறந்துவிட்டீர்கள். மினி மார்க்கோஸின் மோல்டுகளை வாங்கிய ஹெரால்ட் டெர்மட், 1978இல் ரிச்சர்ட் ஓக்ஸ் வரைந்த மைடாஸைக் கொண்டுவந்தார். அதுவும் ஃபைபர் மோனோகாக். மினி அல்லது மெட்ரோவின் உறுப்புகள். ஃபார்முலா ஒன் பொறியாளர் கார்டன் மரே மைடாஸ் வைத்திருந்தார், பிறகு வந்த மாடலின் காற்றியக்கத்துக்கு உதவியும் செய்தார். 1989இல் கார்பியில் தொழிற்சாலை தீப்பிடித்ததும் கம்பெனி முடிந்தது. டெர்மட் அங்கிருந்து போய்ச் சேர்ந்தது மெக்லாரன் எஃப்1 திட்டத்தில், மரேயோடு. கிட் கார் கொட்டகையிலிருந்து அன்றைய உலகின் வேகமான சாலைக் காருக்கு!

ஓக்ஸ் அதற்கு முன் 1971இல் வரைந்த நோவாவும் சாதாரணமானதில்லை. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் தரைத் தகட்டின் மேல் ஒரு அம்பு மாதிரி உடம்பு. கதவே இல்லை, கூரை மொத்தமாக மேலே தூக்கும். அந்த மோல்டு அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளுக்குப் போனது.

பெங்களூர் தமிழரசி:

இடையில் ஒரு செய்தி. இந்த வரிசையில் நம் நாட்டுக்கும் ஒரு கிளை வந்தது. இங்கிலாந்தின் டாம்வொர்த்தில் இருந்த ரிலையன்ட் கம்பெனி ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் இல்லாமல், கிட்டன் என்ற சின்ன ஃபைபர் காரும் செய்தது. அதைத்தான் 1980களின் தொடக்கத்தில் பெங்களூரில் சிபானி டால்ஃபின் என்று விற்றார்கள். 848 சிசி அலுமினிய எஞ்சின், இரண்டு கதவு, ஃபைபர் உடம்பு. இங்கே குடும்பக் காராக அது எடுபடவில்லை. மாருதி வந்ததும் முடிந்தது. ஆனால் எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்கள் தேடி வாங்கினார்கள். கயல்விழி சொன்ன 750 கிளப்பிலும் 750 ஃபார்முலா பந்தயத்துக்கு நெடுங்காலம் அந்த ரிலையன்ட் எஞ்சின்தான் இருந்தது.

வடசேரி பாலா:

ஆஹா, டால்ஃபினுக்கும் இந்தக் கூட்டத்துக்கும் தொடர்பு என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். நன்றி அக்கா.

அருள் அண்ணா, என் மாமா மகன் லெஸ்டரில் இருக்கிறான். அவனுக்கு இந்த வகையில் ஒரு பழைய கார் வாங்கும் ஆசை. ஜி15 அல்லது டிவிஆர். எதைப் பார்த்து வாங்கச் சொல்ல?

கவென்ட்ரி அருள்:

முதலில் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபைபர் துருப்பிடிக்காது, அதனால் மேலே பளபளவென்று இருக்கும்போதே அடியில் சேஸிஸ் கரைந்துகொண்டிருக்கும். டிவிஆரில் நடுக் குழாய்களிலிருந்து பக்கவாட்டில் நீட்டும் கைகள்தான் முதலில் போகும். காரைத் தூக்கி வைத்து, சின்ன சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடியைக் கழற்றாமல் மேலே மட்டும் கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்த கார் ஒன்றை என் நண்பர் வாங்கிவிட்டு, புது சேஸிஸ் போடும் செலவுக்கு ஆளானார்.

ஜெல்கோட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல் இருக்கிறதா, குறிப்பாகக் கதவுக் கீல், பானட் முனை, சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களில். அது மேல் தோலோடு நின்றால் சரி. உள்பக்கம் வெளுத்துப் போயிருந்தால் மேட்டே உடைந்திருக்கிறது.

மின்சாரம் முக்கியம். இரும்பு பாடியில் எர்த் தானாகக் கிடைக்கும். ஃபைபர் கடத்தாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் ஓட வேண்டும். ஐம்பது வருடத்தில் மூன்று நான்கு பேர் கைவைத்திருப்பார்கள். பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மங்கினால் எர்த் கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஜி15இல் எஞ்சின் சூடேறுகிறதா என்று நன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இம்ப் எஞ்சின் முழுவதும் அலுமினியம். ஒருமுறை கொதித்தால் ஹெட் வளைந்துவிடும்.

நாகை ஃபைபர்:

பாலா, அருள் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள். உள்பக்கம் கம்பளத்தைத் தூக்கி, ஃபைபரை நாணயத்தால் தட்டிக்கொண்டே போகச் சொல். கணீரென்று ஒலித்தால் நல்லது. ஒரு இடத்தில் மட்டும் பொத்தென்று கேட்டால் அடுக்கு பிரிந்திருக்கிறது, அல்லது மேலே வெறும் புட்டி நிரப்பியிருக்கிறார்கள். அடுக்கு பிரிந்திருந்தால் பயப்பட வேண்டியதில்லை, சரி செய்யலாம். பிரிந்த இடத்தைச் சரிவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, நல்ல ஃபைபர் தெரிந்த பிறகு புது மேட் அடுக்க வேண்டும். ஈரம் முழுதாகக் காயாமல் ரெசின் போட்டால் மறுபடி உப்பும். கோடையில் செய்யச் சொல், குளிரில் வேண்டாம்.

வடசேரி பாலா:

இரண்டு பேருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அவனுக்கு அனுப்பிவிட்டேன். இப்போதைக்கு டெர்பி பக்கம் ஒரு ஜி15 பார்த்து வைத்திருக்கிறானாம். சேஸிஸ் படங்கள் கேட்டிருக்கிறான். வந்ததும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கவென்ட்ரி அருள்:

பின் சஸ்பென்ஷன் மாட்டும் இடத்தையும் முன்பக்க அடிக்குழாய்களையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் காரில் இருக்கும் தகட்டு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒரு படம். கிட்டாகப் பூட்டிய கார் என்பதால் முதல் பதிவுத் தேதி, கிட் விற்ற வருடத்துக்கு ஒன்றிரண்டு வருடம் பிந்தி இருக்கலாம். அதில் தப்பில்லை.